டிஸ்க் இருக்கும் மேஜை

டிஸ்க்கைப் போட்டால்தான் அந்தத் தையல் கம்பெனியின் டிசைன் புரோகிராம் ஓடும். டிஸ்க்கோ மேனேஜரின் பூட்டிய மேஜைக்குள். தினமும் காலையில் டிசைனர் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆற அமர டீயைக் குடித்துவிட்டுத்தான் அவர் சாவியைத் தேடுவார். அவள் நிறைமாத வயிற்றோடு நின்றபோதும் அவர் அவசரப்படவில்லை.

ஒரு நாள் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறின; பழைய புரோகிராம் அதில் ஓடவில்லை.

"நாளைக்குள்ள இதுலயும் புரோகிராம் ஓடணும். இல்லைன்னா நீ வீட்டுக்குக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

"டிஸ்க்கை இன்னிக்கு மட்டும் என்கிட்ட விடுங்க சார்."

சாயங்காலத்துக்குள் டிஸ்க்கை அப்படியே கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்து, புரோகிராமை ஓட வைத்துவிட்டாள்.

"இனிமே டிஸ்க்கே வேண்டாம் சார். நீங்க செஞ்சதாவே முதலாளிகிட்ட சொல்லிக்குங்க."

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி அறைக்கு ஓடினார்.

கதவு திறந்தே இருந்தது. டிசைனர் தன் நாற்காலியில் சாய்ந்து, ஆற அமர டீயைக் குடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பிரமாதம்யா" என்றார் முதலாளி. "ஆனா அந்த டிஸ்க் தொலைஞ்சுடாம பார்த்துக்கத்தானே உங்களை வேலைக்கு வெச்சேன்?"

மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார்.