முழு மார்க்

"லெதர் வாசனையே எனக்கு ஒத்துக்காது மேடம். கிட்ட போனாலே தும்மல் வந்துடும்" என்றாள் ரோஷினி. இதைச் சொல்லும்போது ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு செருப்புக் கடையின் குடோனில், தலைக்கு மேல் அடுக்கிய ஷூ பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள்.

"ஆம்பூர்ல இருந்துகிட்டு லெதர் ஒத்துக்காதா?" போனின் மறுமுனையில், சென்னையிலிருந்து பேசிய பில்கிஸுக்குச் சந்தேகம் வந்தது.

"அதான் மேடம் என் கஷ்டமே. இத வேற யாருக்காவது குடுத்துடுங்க. என்னை ஞாபகம் வச்சு கேட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்குப் போய், வேலை செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ரகசியமாக மார்க் போட வேண்டும். அதுதான் பில்கிஸின் கம்பெனி தரும் பகுதி நேர வேலை. ரோஷினி போன மாதம்தான் சேர்ந்தாள்.

இதுவரை செய்தது ஒரே ஒரு ஜூஸ் கடை. அடுத்து வந்த பெட்ரோல் பங்க் கழிப்பறையையும் பல் ஆஸ்பத்திரியையும் இதே தன்மையோடு தட்டிக் கழித்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரிக்காக, இல்லாத ஒரு பெரியப்பாவைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

"வேணாம்னு சொல்றதக்கூட எவ்ளோ அழகா சொல்றீங்க!" பில்கிஸ் சிரித்தாள். "பரவால்ல. இன்னிக்கே வேற ஆள அனுப்பிடறேன்."

பில்கிஸ் போகச் சொன்னது இந்தச் செருப்புக் கடைக்குத்தான். ரோஷினி இங்கேதான் சேல்ஸ் கேர்ள். தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்ள மனசாட்சி இடம் கொடுத்தாலும், மேனேஜர் நிசார் அஹமது கொடுக்க மாட்டார்.

இந்த ரகசியச் சோதனையில் மார்க் குறைகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் போன வாரமே சொல்லியிருந்தார். மாதனூர் வீட்டில் அம்மா அதைவிடக் கண்டிப்பு. "வேல இருக்கறவரைக்கும் உன் இஷ்டம். வேல போச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்."

அஞ்சல் வழியில் படிக்கும் பி.காமை முடிக்காமல் கழுத்தை நீட்டுவதாக ரோஷினி இல்லை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களை வாயாலேயே விரட்டியவள் அவள். தன்மையெல்லாம் பில்கிஸோடு சரி.

மதியம் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று கடை முழுக்க ஒரு நோட்டம் விட்டார். சும்மா நின்றிருந்த மற்றவர்களை விட்டுவிட்டு நேராக ரோஷினியிடம் வந்து, அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.

ரோஷினிக்கு உடனே புரிந்துவிட்டது. ஜூஸ் கடையில் அவளும் இதையேதான் செய்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டா?"

"கொண்டாம்மா. அப்டியே அந்த மேல் தட்டுல இருக்கறத எடு."

ரோஷினி ஏணியில் ஏறினாள். எடுத்து வந்ததில் ஹீல்ஸ் ஜாஸ்தியாம். அடுத்ததில் பளபளப்பு கம்மியாம். பெட்டிகள் இறங்கிக்கொண்டே இருந்தன, அந்த அம்மாள் மட்டும் காலில் கிடந்த பழைய செருப்பைக் கழற்றவே இல்லை.

நடுவில் ஒரு இளைஞன் சாக்ஸ் பாக்கெட்டோடு வந்து நின்றான். "ஏங்க, சைஸ் சேரலன்னா மாத்திக் குடுப்பீங்களா?"

"போர்டுல எழுதியிருக்கு, பாத்துக்கங்க" என்றாள் ரோஷினி, திரும்பாமலே. அவன் அவளுடைய பெயரைப் பார்த்தான். செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அந்த அம்மாளின் கை பட்டு, டம்ளர் தண்ணீர் ஒரு வெள்ளை ஷூவின் மேல் கவிழ்ந்தது.

"ஐயோ, புது ஷூவாச்சே! இன்னாம்மா பண்றது?"

"தெரியாம பட்டதுதானம்மா. தொடச்சா போச்சு." ரோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

துடைத்து முடித்ததும் அந்த அம்மாள் எழுந்தார். "எதுவும் மனசுக்குப் புடிக்கல. உன்னத்தான் வீணா பேஜார் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் இல்லம்மா. வாங்கலன்னா என்ன, நீங்க வந்ததே சந்தோஷம்." கதவைத் திறந்துவிட்டு, படி இறங்கும்வரை கூடவே போனாள்.

வெளியே போனதும் அந்த அம்மாள் போனை எடுத்தார். ரோஷினி கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஆமா, நேர்லயே பாத்துட்டேன்... கடைய புரட்டிப் போட வச்சேன், மூஞ்சி சுளிக்கலையே... சும்மா சொல்லக்கூடாது, முழு மார்க் போடலாம்."

ரோஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலையும் தப்பியது, கல்யாணமும் தப்பியது! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை அவளால். படியிறங்கி அருகில் போனாள்.

"நீங்க யாருன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. ரிப்போர்ட்ட இன்னிக்கே அனுப்பிடுவீங்கல்ல?"

அந்த அம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களை நெரித்தார்.

"ரிப்போர்ட்டு எதுக்கும்மா, இப்ப பேசினதே உங்க அம்மாகிட்டதான். வர்ற வெள்ளிக்கெழம என் பையனோட வந்து உனக்குப் பூ வச்சிடறோம்."