டியூபோடு போனது

"மேட்டைக் கண்டா வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. உஸ்ஸுன்னு பெருமூச்சு விடுது. அன்னவாசல் மச்சினன் கண்ணு பட்டுப்போச்சு," என்றார் இருளாண்டி. வாங்கி மூன்றே மாதம் ஆன டர்போ கார்.

"கண்ணெல்லாம் இல்லைங்க. டர்போ அனுப்புற காத்து எங்கிட்டோ ஒழுகுது," என்றார் விராலிமலை மெக்கானிக் மரியசெல்வம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அவர் சாம்பிராணி போட்டு, அந்தப் புகையைக் காற்றுக் குழாய்க்குள் ஊதினார். இருளாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

டர்போ காற்றைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் வால்வுக்குப் போகும் ரப்பர் டியூபிலிருந்து புகை கசிந்தது. மரியசெல்வம் குனிந்து பார்த்தார். வெந்து கருகிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கம்பி ஒன்று, டியூபில் முறுக்கிக் கட்டியிருந்தது. உரசி உரசியே அது டியூபை அறுத்திருந்தது.

"இதை யாருங்க இங்க கட்டினது?"

"நான்தாங்க. வெளியில கட்டினா களவாண்டுட்டுப் போயிர்றாங்க."

"ஒங்க வண்டியக் கெடுத்ததே இந்தக் கம்பிதாங்க."

இருளாண்டி அறுபட்ட டியூபைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா, எஞ்சினுக்கு வர வேண்டியது டியூபோட போயிருச்சு. நான் மட்டும் கட்டாம விட்டிருந்தா?"

புது டியூப் மாட்டியதும் அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கி, இந்தத் தடவை இரண்டு முறுக்கு கூடுதலாகப் போட்டு, இருளாண்டியே அதே இடத்தில் இறுக்கிக் கட்டினார்.