பெயர் மறைத்தவர்

"அக்கா, இந்தப் பதிவைப் பாத்தீங்களோ?" தொலைபேசியில் நிரோஜன் கேட்டான். அவனும் பிரியந்தினியும் சிட்னித் தமிழர் இணையக் குழுமத்தைக் கண்காணிக்கும் தொண்டர்கள்.

பெயர் மறைத்து ஒருவர் எழுதியிருந்தார்: 'வேலை போய்விட்டது. மனைவிக்குச் சொல்லப் பயம். அவள் கட்டித்தரும் புட்டைப் பரமட்டாப் பூங்காவில் அமர்ந்து சாப்பிடுகிறேன்.'

"ஆளைக் கண்டுபிடிச்சு மனிசிக்கு ஒரு கோல் எடுப்பமே?"

"வேண்டாம். எங்களை நம்பி எழுதினவர். நாங்கள் தேடவும் கூடாது, சொல்லவும் கூடாது."

பதில் மட்டும் தட்டினாள்: 'மனைவியிடம் சொல்லுங்கள். கோபிக்கமாட்டாள்.'

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" நிரோஜன் சிரித்தான்.

கதவு திறந்தது. அவள் அழைப்பைத் துண்டித்தாள். உள்ளே வந்த கணவன், வெறுமையான புட்டுப் பெட்டியைக் கழுவ வைத்தான்.

"இண்டைக்கும் வேலை கூடிப்போச்சு, இஞ்சரும்."

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்று கணினியை மூடினாள். அவனாகச் சொல்லும்வரை அவளுக்கு எதுவும் தெரியாது.