கூப்பிடும் தூரம்

மகளின் உயிருக்கு நாற்பது வெள்ளி என்று ஆரம்பித்தார் கிரேக்கத் துறைமுகத்து எண்ணெய் வியாபாரி ஃபானியாஸ். எட்டு வயது மெலிட்டா காய்ச்சலில் துவண்டு அவர் தோளில் கிடந்தாள். வைத்தியர் நிகோன் அவள் இமையை விரித்துப் பார்த்தார், விலாவில் காது வைத்துக் கேட்டார், பிறகு வேண்டாம் என்று கையசைத்தார்.

"அறுபது தர்றேன்."

"காசுக்காகச் சொல்லல, ஃபானியாஸ். இது என் வித்தைக்கு மேல போயிருச்சு."

"கோயில் வாசல்ல தாயத்து கட்டுறவன் பத்து வெள்ளிக்கே பொழைக்க வைக்கிறேங்கிறான்!"

"சொல்லுவான். தன்னால எது முடியாதுன்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படிச்சதே அதுதான்."

ஃபானியாஸுக்கு உள்ளூர நம்பிக்கை வந்தது. சந்தையில் இவ்வளவு முறுக்கிக்கொள்கிறவனிடம்தான் நல்ல சரக்கு இருக்கும். அவனிடம் பேசிப் பயனில்லை, எழுந்து நடக்க வேண்டும். பத்தடி போவதற்குள் கூப்பிட்டுவிடுவான். நாற்பது வருடத்தில் கூப்பிடாத கடைக்காரனை அவர் பார்த்ததில்லை.

"வர்றேன் வைத்தியரே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அடிகளை எண்ணுவது மெலிட்டாவின் வேலை. இப்போதும் அவர் காதோரம் எண்ணினாள்.

"பத்து ஆச்சுப்பா."

"பெரிய ஆளும்மா, கொஞ்சம் பிகு பண்ணுவார். நீ எண்ணு."

வைத்தியர் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். ஃபானியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் விலை ஏறிவிடும். அடியைச் சுருக்கிச் சுருக்கி வைத்தார். தெருமுனை வருவதற்குள் எண்பத்து மூன்று வரை அவள் எண்ணினாள். எண்பத்து நான்கிலிருந்து அவரே எண்ண வேண்டியிருந்தது.