தூண்டில் வளைவின் இருபுறம்

தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்வரிசைக்கு வடக்கே, அருளப்பனின் வீட்டு வாசல்வரை கரை அரித்துவிட்டது. தெற்கே மிக்கேலின் ஊரில் மட்டும் மணல் எப்படி மேடாகிறது?

“எங்க மண்ண எதுக்கு மச்சான் திருடுறீங்க?”

“திருடி என்ன செய்ய? படகைத் தண்ணிவரைக்கும் இழுத்தே எங்க இடுப்பு ஒடியுது.”

அருளப்பன் நம்பவில்லை. தன் கரை மணலில் செங்கல் துண்டுகளைக் கலந்துவைத்துவிட்டு, சில நாள் கழித்து மிக்கேலின் கரையைக் கிளறினான். சிவப்பே இல்லை. துண்டுகள் இன்னும் வடக்கே போய் ஒதுங்கியிருந்தன. கடல் மணலை வடக்கே நகர்த்துகிறது. அவனுக்கு வரவேண்டியதைக் கல்வரிசை தெற்கிலேயே மறித்துவிடுகிறது.

அவன் சொன்னதைக் கேட்டு, மேடாகும் மணலை லாரியில் வடக்கே அனுப்ப மிக்கேல் ஒத்துக்கொண்டான். “வழியில யாரும் வித்துடாம ஒவ்வொரு லாரியிலயும் எங்க ஆளும் ஏறுவான்,” என்றான்.

“எங்க ஆளும்தான்.”

தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் அள்ளி, வடக்கே கொட்டினார்கள். கரை நின்றது.