மருந்தடிச்ச கத்தரிக்காய்

துஷாந்தன் வேண்டுமென்றே ஒரு பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெம்பிளிக்குப் போனான்.

அவன் வேலை செய்யும் சூப்பர்மார்க்கெட் நிறுவனம், ஞானேஸ்வரனின் மூன்று ஆர்கானிக் கடைகளையும் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "நீயும் தமிழ்தானே, யாரென்று சொல்லாமல் போய்ச் சாமான் வாங்கு. பார்த்ததை எழுது" என்று மேலதிகாரி அனுப்பிவிட்டார். வாங்குவதா, விடுவதா என்பது அவனுடைய அறிக்கையைப் பொறுத்தது.

ஞானேஸ்வரன் ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஆர்கானிக்குக்கு அங்கே 'பயோ' என்று பெயர். அதையே இங்கேயும் கடைப் பலகையில் எழுதிவிட்டார். லண்டன்காரருக்கோ பயோ என்றால் சலவைப் பவுடர். அதைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே மனுசன் பாதி இளைத்துவிட்டார்.

வெம்பிளிக் கடையின் உள்ளே இரண்டு தட்டுகளில் கத்தரிக்காய் இருந்தது. ஒன்றில் 'பயோ, கிலோ ஆறு பவுண்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'மருந்தடிச்சது, கிலோ மூன்று பவுண்'.

துஷாந்தன் பயோ தட்டில் கை வைத்தான். ஞானேஸ்வரன் அவனுடைய ஜாக்கெட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி படிக்கிறீரோ?"

"ஓம் அங்கிள்." பொய் சொல்ல வாய் கூசியது.

"அப்ப ஏன் அதை எடுக்கிறீர்? விலையெல்லே. இதை எடும். மருந்தடிச்சதுதான், வடிவாக் கழுவிச் சமைச்சா ஒண்டும் செய்யாது."

துஷாந்தனுக்குத் தலை சுற்றியது. பயோ கடைக்காரரே பயோ வேண்டாம் என்கிறார். இதைப் போய் அறிக்கையில் எப்படி எழுதுவது?

அந்த நேரம் கடையின் வாடிக்கைக்காரி பாலாம்பிகை உள்ளே வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, யூனிபோமும் மாற்றாமல் வந்திருந்தாள்.

"அண்ணை, மருந்தடிச்சது இருக்கோ?"

"இருக்குத் தங்கச்சி, எடும்."

அவள் அள்ளியதில் தட்டு காலியானது. அவள் போனதும் ஞானேஸ்வரன் முதுகைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். பாதியைப் பயோ தட்டில் கொட்டினார். மீதியை மருந்தடிச்ச தட்டில் கொட்டினார்.

ஒரே பெட்டி!

ஓகோ, சங்கதி இதுதானா? மருந்தடித்த கத்தரிக்காயைப் பயோ என்று இரட்டை விலைக்குத் தள்ளுகிறார். துஷாந்தனுக்குக் கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். அவனுடைய அலுவலகத்தில் அவன் ஒருவன்தான் தமிழன். நம்முடைய ஆள் ஒருவர் இப்படிச் செய்கிறார் என்று அவனே எழுதவேண்டி வந்துவிட்டதே!

இரண்டு தட்டிலும் அரைக் கிலோ வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினான். 'மோசடி. வாங்க வேண்டாம்' என்று அறிக்கையையும் எழுதி முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. இரண்டிலும் மருந்து இல்லை.

மூன்று தடவை படித்தான். ஆய்வுகூடத்துக்குப் போன் பண்ணி, "மாறிப்போச்சோ என்று பாருங்கள்" என்றான். மாறவில்லை என்றார்கள்.

மருந்தடித்ததைப் பயோ என்று விற்றால் மோசடி. பயோவை மருந்தடித்தது என்று விற்றால் அதற்கு என்ன பெயர்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த நாளே கோட்டும் டையுமாகக் கடைக்குப் போய், தான் யாரென்று சொன்னான்.

"அங்கிள், ரெண்டு தட்டிலையும் பயோதான். எங்களிட்ட ரிப்போர்ட் இருக்கு. பிறகேன் மருந்தடிச்சதெண்டு எழுதி வைச்சிருக்கிறியள்?"

ஞானேஸ்வரன் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

"மெல்லக் கதையும் தம்பி. ஆருக்கும் கேட்டிடப் போகுது."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அங்கிள்."

"என்ர முதுகு இனி ஏலாது. கடையை உங்கட கொம்பனி எடுக்கட்டும். அந்தத் தட்டை மட்டும் எடுத்துப் போடாதேங்கோ. அதுதான் நான் உங்களிட்டக் கேக்கிறது."

"அரை விலைக்குக் குடுக்கிறதெண்டா, காசு கஷ்டமான ஆக்களுக்கு அரை விலை எண்டு எழுதலாம்தானே?"

"முதல் அப்பிடித்தான் எழுதினனான். ஒரு குருவி கிட்டப் போகேல்லை. அண்டைக்கு வந்த பாலாம்பிகை ரெண்டு மாசம் கடைப் பக்கமே வரேல்லை. பிறகுதான் மருந்தடிச்சதெண்டு மாத்தி எழுதினன். இப்ப எல்லாரும் தலையை நிமித்திக்கொண்டு வந்து, இந்தக் கழிசலுக்கு மூண்டு பவுணோ எண்டு என்னை ஏசிப்போட்டு வாங்கிக்கொண்டு போகினம்."