வேற்றுக்கிரகவாசிகளும் வீட்டு முகவரியும்

சோபாவில் சேஷகிரி, எதிர் நாற்காலியில் பக்கத்து வீட்டு ராஜேஷ்குமார், தரையில் அவரைக்கொட்டை பிதுக்கும் மனைவி ராஜலக்ஷ்மி, ஜன்னலோரம் மகள் அதிதி. பொம்மசந்திரா வானில் தெரிந்த வெளிச்சம் வேற்றுக்கிரகவாசிகள் அல்ல என்று பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைச் சேஷகிரி வாசித்துக் காட்டினார்.

"அவங்க எதுக்கு வரணும்? தண்ணிக்கா? நாமளே டேங்கருக்குத் தவம் கிடக்கறோம்," என்றாள் ராஜலக்ஷ்மி.

ராஜேஷ்குமார் சிரித்தான். "எதையாச்சும் விட்டுட்டுப் போயிருப்பாங்கக்கா. எடுத்துட்டுப் போக வந்திருப்பாங்க."

ராஜலக்ஷ்மியின் கை நின்றது.

"நம்ம அட்ரஸோட பேப்பர்ல வருமாப்பா?" என்றாள் அதிதி. சேஷகிரி தலையாட்டினார். "அப்ப வேணாம்ப்பா."

பொம்மசந்திராவில் கொட்டும் மழையில் சாலையோரம் அவர் கண்டெடுத்த குழந்தை அவள். அன்று அவள்மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

சேஷகிரி கடிதத்தில் ஒரு வரியையும் மாற்றவில்லை. முகவரியை மட்டும் அடித்துவிட்டு, ஆஸ்டின் டவுனில் எப்போதோ இடித்துத் தள்ளிய பழைய வீட்டின் முகவரியை எழுதினார். உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.